நீலகிரி நெட்டைக்காலிக்கு ஏழாண்டு நிதி கேட்டு வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலர் அவர்களுக்கும், முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களுக்கும், மாநில உயிர்ப்பன்மய வாரியத்தாருக்கும்,

வணக்கம்.

நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவையின் வாழிடத்தை மீட்க அரசு நிதி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். தொகை பெரிதில்லை. அது வந்து சேரும் விதத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஒரே நிதியாண்டில் மொத்தமாகக் கொடுத்து, மார்ச் 31-க்குள் கணக்கை முடி என்று சொல்லும் பணம் இந்தப் பறவைக்கு உதவாது. அதே பணத்தை ஏழு ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டு தவறாமல், மழைக்கு முன்பே கொடுத்தால் உதவும். விஷயம் இவ்வளவுதான். கோப்புக் குவியலுக்கு நடுவே இதைப் படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்காக மேலே எழுதுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றி. சமவெளியில் வயல் நெட்டைக்காலியைப் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் உடனே பிடிபடும். பழுப்பு உடம்பு, முதுகு முழுக்கக் கருங்கோடுகள், மார்பிலிருந்து விலா வரை இறங்கும் கீற்றுகள். அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளில் மட்டும்தான் இது இருக்கிறது. நம் நீலகிரி, ஆனைமலை, கேரளத்தின் இரவிகுளம் பக்கம், அவ்வளவுதான். அதிலும் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம் என்ற நிலையில் வைத்திருக்கிறார்கள்.

விரட்டினால் எழுந்துபோய்ப் பக்கத்து மரத்தில் உட்காரவும் செய்யும். அதைப் பார்த்துவிட்டு, மரம் இருந்தால் இதற்கு என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இரை தேடுவது தரையில். கூடு கட்டுவதும் தரையில்தான், தூர் கட்டிய புல்லின் அடியில். ஏப்ரலில் தொடங்கும் இனப்பெருக்கக் காலத்தில், நீலகிரியின் அப்பர் பவானிப் பக்கத்துச் சரிவு ஒன்றில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனித்தால் தெரியும். அலகில் புழுவோடு வரும் பறவை கூட்டின் மேல் நேராக இறங்காது. பத்திருபது அடி தள்ளி இறங்கும். கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். பிறகு தூர்களுக்கு நடுவே தலையைத் தாழ்த்தி நடந்து, ஒரு தூரின் பின்னால் மறையும். திரும்பி வரும்போது அலகு காலியாக இருக்கும். அந்த நடைக்குத் தேவை இடைவெளி விட்டுத் தூர் தூராக நிற்கும் நாட்டுப் புல். நிழல் விழுந்த இடத்தில் அந்தப் புல் நிற்காது. புல் போன இடத்தில் நெட்டைக்காலிக்கு வேலையில்லை.

நிழல் எங்கிருந்து வந்தது என்பது துறைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் என்ற கற்பூர மரம் நீலகிரிக்கு வந்தது. கோப்புகளில் வாட்டில் என்று எழுதப்படும் சீகையும் ஏறக்குறைய அதே காலத்தில் அங்கிருந்துதான் வந்தது. விறகுக்கு என்று தொடங்கிய நடவு, சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பட்டை, செயற்கைப் பட்டு ஆலைக்குக் கூழ்மரம் என்று மலையையே மூடும் அளவுக்குப் போனது. வெற்றுப் புல்தரை வீணாகக் கிடக்கிறது, அதில் மரம் வைப்பது நாட்டுக்கு நல்லது என்று அன்றைக்கு எல்லோரும் மனதார நம்பினார்கள். அந்தத் தலைமுறை அதிகாரிகளை இன்றைக்குக் குற்றம் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. விளைவை மட்டும் சொல்கிறேன். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 1973-க்கும் 2017-க்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலப் புல்வெளிகளில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் அயல் மரங்களின் கீழ் போய்விட்டது. பழனி மலையில் மட்டும் பார்த்தால் நாற்பது ஆண்டில் மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி இல்லை. 2020-ல் நெட்டைக்காலியைப் பற்றியே ஒரு விரிவான ஆய்வு வந்தது. இந்தப் பறவை எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவை உயரமும் நில மாற்றமும்தான் என்று அது சொல்கிறது. மலை சூடேறினால் கீழே இருக்கும் பறவை மேலே போகலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே போகும்?

புதிதாக நடுவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பரவுவதுதான் நிற்கவில்லை. சீகையை ஒருமுறை வெட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். விதையின் தோல் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சும்மா கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலும், தீ ஓடினாலும் ஒரே நேரத்தில் முளைக்கும். அடுத்த மழைக்குப் பிறகு அந்த இடத்தைப் பார்த்தால் நெல் நாற்றங்கால் போலப் பச்சென்று இருக்கும். சில வகைச் சீகை வேரிலிருந்தே கன்று விடும். ஒரு மரத்தை வெட்டிய இடத்தில் சுற்றிலும் பத்துக் கன்று. அவற்றை விரல் உயரத்தில் இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கும்போதே, கையால் பிடுங்க வேண்டும். அப்போது இரண்டு விரலில் வேரோடு வந்துவிடும். ஒரு வருஷம் விட்டால் களைக்கொத்து வேண்டும். மூன்று வருஷம் விட்டால் அரிவாள். அதற்கும் மேல் விட்டால் மறுபடி ஒரு டெண்டர்.

வெட்டுவதற்கு நிதி வருகிறது. இரண்டாம் வருஷம் பிடுங்குவதற்கு வருவதில்லை. நான்காம் வருஷத்தைக் கேட்கவே வேண்டாம். வெட்டிய இடத்தைப் படம் எடுத்து, ஹெக்டேர் கணக்கு எழுதி, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடிய கோப்புக்குப் பின்னால் சீகை எழுந்து நிற்கிறது. அப்படிப்பட்ட சரிவுகள் இந்த மாவட்டத்தில் ஒன்றிரண்டு இல்லை. துறையின் பழைய வரைபடத்தையும் இன்றைய நிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களே அடையாளம் காட்டுவீர்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய சேதம் அங்கேதான் நடக்கிறது. திட்டம் ஏப்ரலில் தொடங்குவதாக ஏட்டில் இருக்கும். ஒப்புதல், ஒதுக்கீடு, விடுவிப்பு எல்லாம் முடிந்து பணம் களத்துக்கு வரும்போது பல நேரம் தை, மாசி ஆகிவிடும். அது உறைபனி அடித்துப் புல் காய்ந்து கிடக்கும் காலம். தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்கே ஆள் போதாது. மண் இறுகிக் கிடப்பதால் கன்றைப் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே தங்கிவிடும். புல் நாற்று நட்டால் ஒன்றும் பிழைக்காது. ஆனாலும் மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும், செலவழிப்பார்கள். கொஞ்சம் தாமதமாகி அனுமதி நீட்டித்துக் கிடைத்தால் இன்னும் மோசம். வேலையாட்கள் கூட்டமாக மலை ஏறுவது ஏப்ரல், மே மாதங்களில். தரையில் கூடு கட்டும் பறவை முட்டையிட்டிருக்கும்போது அதன்மேலேயே நடந்துபோய் அதற்கு வாழிடம் அமைத்துக் கொடுக்கிறோம்.

மலையின் நாட்காட்டி வேறு. தென்மேற்குப் பருவம் பிடித்ததும், ஏற்கெனவே மரம் வெட்டி வெறுமையாகக் கிடக்கும் பகுதியில் புல் நாற்று நட வேண்டும். அங்கே கூடு இருக்காது. புல் நிற்கிற இடத்துக்குள் அப்போது கால் வைக்கக் கூடாது. குஞ்சுகள் பறந்த பிறகு, செப்டம்பரிலிருந்து பனி தொடங்கும் வரை, ஈர மண்ணில் சீகைக் கன்று பிடுங்க வேண்டும். பனிக்காலத்தில் பெரிய மரத்துக்குப் பட்டை உரிக்கலாம், தீக்கோடு போடலாம். இந்த வரிசையில் வேலை நடக்க வேண்டுமானால் ஜூன் மாதத்தில் கையில் காசு இருக்க வேண்டும். அதனால்தான் தவணையின் தேதியை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

இன்னொரு தடை, மரக் கணக்கு. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. கரூருக்கும் ராமநாதபுரத்துக்கும் அது நல்ல இலக்கு, நானும் வரவேற்கிறேன். நீலகிரியின் முக்கூர்த்திப் புல்வெளியில் அது தலைகீழ். அங்கே ஒரு சீகைக் காட்டை அகற்றிப் புல்லாக்கினால் மாநிலக் கணக்கில் பசுமை குறைந்ததாக ஆகும். எத்தனை மரக்கன்று நட்டீர்கள் என்று கேட்கும் படிவத்தில், எத்தனை மரக்கன்றைப் பிடுங்கினோம் என்று எழுத இடமில்லை. அதை எழுத ஒரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள். 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் இயற்கைப் புல்வெளிகளை நடவு இலக்கிலிருந்து வரைபடம் போட்டே விலக்கிவிடுங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை, ஓர் அரசாணை போதும். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்க 2022-ல் அரசே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே புதிதாக எந்தக் கோட்பாட்டையும் நான் கேட்கவில்லை. ஒரு கையால் எழுதியதை இன்னொரு கையால் அழிக்காதீர்கள் என்கிறேன்.

வரையாட்டுத் திட்டம் இருக்கிறதே, அதிலேயே இந்தப் பறவையும் பிழைத்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 25.14 கோடி ரூபாயில் 2022 முதல் 2027 வரைக்கான திட்டம் அது; அப்பர் பவானியில் புல்வெளி மீட்பும் அதில் ஒரு பகுதி. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வரையாட்டின் தேவையும் நெட்டைக்காலியின் தேவையும் முழுக்க ஒன்றல்ல. ஆடு பாறைச் சரிவைத் தேடும், மேய நிறையப் பரப்பு இருந்தால் சமாளித்துக்கொள்ளும். பறவைக்கோ தூர் கட்டிய உயரமான புல் வேண்டும். மீட்பு என்ற பெயரில் கிக்கூயு என்ற படரும் அயல் புல்லை விரித்துவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கப் பச்சைப் புல்வெளிதான், படத்திலும் நன்றாக விழும். அதில் ஒரு கூடுகூட இருக்காது. ஆட்டுக்காக எழுதிய அளவுகோலில் இந்த வித்தியாசம் தெரியாது. சிங்கவால் குரங்கு, முள்ளெலி, கழுதைப்புலி, கூன்முதுகு மஷீர் மீன் என்று அதிகம் பேசப்படாத உயிர்களுக்கும் தனியாக நிதி ஒதுக்கிய அரசு இது. அந்த வரிசையில் ஒரு பறவைக்கும் இடம் கேட்பது அதிகமா?

எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறேன். வரையாட்டுத் திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரைக் கோடி. ஏழு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம். மலை ஊர்களிலிருந்து 30 பேர், நாளுக்கு 500 ரூபாய், ஆண்டில் 200 நாள் என்று வைத்தால் 30 லட்சம் கூலிக்கே போகும். போகட்டும், இந்த வேலையே கைவேலைதான். மிச்சம் ஆறு லட்சத்தில் புல் நாற்றங்கால், ஜீப் வாடகை, மழைக்கோட்டு, பறவைக் கணக்கெடுப்பு எல்லாம் முடியும். இயந்திரம் வாங்க ஒரு ரூபாயும் கேட்கவில்லை. வாங்கித் தந்தாலும் வேண்டாம் என்பேன். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப் பெய்யும் மலையில் ஜேசிபி வைத்து ஒரு சரிவை மொத்தமாக வழித்துவிட்டால் மேல்மண் அணையில்தான் போய்ச் சேரும். மிஞ்சிய இடத்தில் ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூச்செடி ஏறிவிடும். அது சீகையைவிடப் பொல்லாதது.

எங்கே தொடங்குவது? அடர்ந்த சீகைக் காட்டின் நடுவில் தொடங்க வேண்டாம். நல்ல புல்வெளிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீகை நுழைந்திருக்கும் விளிம்புகளில் தொடங்க வேண்டும். அங்கே மரம் குறைவு, நாட்டுப் புல் பக்கத்திலேயே நிற்கிறது, பறவையும் அடுத்த சரிவில் இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு அதிக நிலம் மீளும் இடம் அதுதான். முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் மொத்தப் பரப்பே 78 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதன் ஓரங்கள், அப்பர் பவானி, போர்த்திமந்துப் பக்கம், ஆனைமலையில் அக்காமலைப் புல்மலை, இவற்றைக் காப்பாற்றினாலே இந்தப் பறவைக்குத் தமிழ்நாட்டில் எதிர்காலம் உண்டு. நாற்றுக்குப் புல்லை வெளியிலிருந்து வாங்கவும் தேவையில்லை. கிரைசோபோகன், யூலாலியா, அருண்டினெல்லா வகைப் புற்களைச் சாலையோரத்திலும் மின்வாரியக் குழாய்ப் பாதை ஓரத்திலும் கொஞ்சமாகப் பெயர்த்து, தூர் பிரித்து, நாற்றங்காலில் வளர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாச் சீகைக் காட்டையும் வெட்டித் தள்ளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை எனப்படும் இயற்கை மலைக்காட்டின் மரக்கன்றுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டால் ஒருநாள் சோலையாகும். அங்கே கோடரி போவது பாவம். ஊர்ப்பக்கத்துச் சீகை விறகுக்கும் வேலிக் கம்புக்கும் ஆகிறது. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் இருக்கும் பெண்களிடம் மாற்று அடுப்பைக் கொடுக்காமல் அதைப் பிடுங்கவும் கூடாது.

அந்தப் பெண்களுக்கே இந்த வேலையைக் கொடுங்கள் என்பது என் கோரிக்கையில் விட்டுக்கொடுக்க முடியாத பகுதி. கன்று பிடுங்குவது பார்ப்பதற்கு எளிது. நாட்டுப் புல்லையும் கிக்கூயுவையும் மழையில் நின்றபடி பிரித்துப் பார்க்கும் கண் ஒப்பந்தக்காரர் லாரியில் ஏற்றிவரும் ஆளுக்கு இருக்காது. தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய விரலுக்கு இருக்கும். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் இதைவிட ஆழமான அறிவு இருக்கிறது. எருமை மேய்ந்த இந்தப் புல்வெளிகளை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். கோயில் கூரைக்கு வேண்டிய புல்லைத் தேடி இன்றைக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சதுப்பின் ஓரத்தில் எந்தப் புல் நின்றது என்று அவர்களைக் கேட்காமல் எழுதும் எஸ்டிமேட் அரைகுறையாகத்தான் இருக்கும். அவர்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிடாமல் திட்டக் குழுவிலும் உட்கார வையுங்கள்.

தணிக்கையாளருக்கு எதைக் காட்டுவது என்ற கவலை துறைக்கு இருக்கும். வெட்டிய ஹெக்டேரைக் காட்ட வேண்டாம். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே பாதையில் நடந்து எண்ணிய நெட்டைக்காலிகளைக் காட்டலாம். நட்ட புல் தூரில் இரண்டு பருவம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது, ஒரு சதுர மீட்டரில் எத்தனை சீகைக் கன்று புதிதாக முளைத்தது என்று காட்டலாம். இந்த மூன்றையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களே ஒரு நோட்டில் எழுதிவிட முடியும். முதல் இரண்டு ஆண்டில் பறவை எண்ணிக்கை ஏறாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதற்காக மூன்றாம் ஆண்டுத் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.

நிதி எங்கிருந்து என்றால், வழிகள் இருக்கின்றன. ஜப்பானியக் கடனுதவியில் சுமார் 920 கோடியில் நடக்கும் உயிர்ப்பன்மயப் பாதுகாப்பு மற்றும் பசுமையாக்கல் திட்டம் இருக்கிறது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர்கள் ஈடாகக் கட்டும் காம்பா நிதியின் விதிகளில் வனவிலங்கு வாழிட மேம்பாட்டுக்கு இடம் உண்டு, நடவுக்கு மட்டும்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூன்றாவதாக, வெட்டும் சீகைக்கே விலை இருக்கிறது. மரம் விற்ற காசு பொதுக் கணக்கில் போய்க் கலக்காமல், அதே சரிவில் கன்று பிடுங்கும் கூலியாகத் திரும்பி வர ஒரு வழி செய்தால் அரசு தரவேண்டிய பங்கு இன்னும் குறையும்.

தண்ணீரைப் பற்றி ஒரே வார்த்தை. உதகை மண்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் நடத்திய நீர்ப்பிடிப்பு ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் வைத்ததால் முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. பவானி இந்த மலையில்தான் பிறக்கிறது. பறவைக்குப் பணம் கொடுக்க நிதித்துறை தயங்கினால் இந்த எண்ணைக் காட்டுங்கள். கோவையும் ஈரோடும் குடிக்கும் தண்ணீர் என்றால் யாரும் தயங்க மாட்டார்கள்.

வரையாட்டுத் திட்டத்தின் காலம் 2027-ல் முடிகிறது. அடுத்த கட்டத்துக்கான முன்மொழிவு அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடும். அதில் நீலகிரி நெட்டைக்காலிக்குத் தனித் தலைப்பு வேண்டும். அந்தத் தலைப்பின் கீழ் ஏழு ஆண்டுக்கான தொகையும், ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதிக்குள் தவணை விடுவிக்கப்படும் என்ற வரியும் இருக்க வேண்டும். முன்மொழிவை இறுதி செய்வதற்கு முன் உதகையில் ஒரு கூட்டம் கூட்டினால், தோடர் பெரியவர்களும் களத்தில் வேலை செய்யும் பெண்களும் நானும் வந்து பேசத் தயார். கூட்டத்தைச் செப்டம்பரில் வைத்தால் மழை விட்டிருக்கும். மதியத்துக்கு மேல் சரிவுகளுக்கும் போய்ப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
நீலகிரிப் புல்வெளிகளில் களை எடுப்பவர்களில் ஒருவர்,
உதகமண்டலம்